ஆயிரம் வெள்ளிக்குள் ஒரு பேஸ் கிட்டார்

ஜெராமிலிருந்து சபாக் பெர்ணம் வரை எந்தத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போனாலும், மேடையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் என் கண் முதலில் போகும். கீபோர்டு இருக்கும். தபேலா இருக்கும். டிரம்ஸ் இல்லாவிட்டால் ரிதம் பேடாவது இருக்கும். சில குழுக்களில் லீட் கிட்டாரும் உண்டு. பேஸ் கிட்டார் மட்டும் பெரும்பாலும் இருக்காது. கீபோர்டு வாசிப்பவரே இடது கையால் அந்த வேலையையும் பார்த்துக்கொள்வார்.

அவர்கள் திறமையில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஒரே ஆள் இரண்டு ஆள் வேலையைச் செய்கிறார். ஆனால் இளையராஜா பாட்டை எடுத்தவுடன் குறை தெரிந்துவிடும். ராஜாவின் பேஸ், பாட்டுக்கு அடியில் ஓடும் இன்னொரு பாட்டு. அதையும் அவரே எழுதித் தருவார். அவருடைய பல பாட்டுகளில் அதை வாசித்தவர் சசிதரன். 1980இல் வந்த மூடுபனியில் ஜேசுதாஸ் பாடும் அந்தக் கிட்டார் பாட்டையும், 1982இல் வந்த நினைவெல்லாம் நித்யாவின் பாட்டுகளையும் நல்ல ஹெட்ஃபோனில் போட்டு, பேஸை மட்டும் பிடித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரல் வழுக்கிப் போவதும், கம்பியைத் தொட்டும் தொடாமலும் தட்டி விடுவதும் கீபோர்டு கட்டையில் வராது. ரகுமானின் பாட்டுகளுக்கு கீத் பீட்டர்ஸ் வாசித்ததும் அப்படித்தான்.

போனில் கேட்டால் இது எதுவுமே காதில் விழாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேஸின் தடித்த கம்பி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கைப்பேசியின் ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்கு இறங்காது. போனிலேயே பாட்டுக் கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கருவிமேல் ஆசை வராமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இருந்தாலும் ஆசை வந்த சிலர் இருக்கிறார்கள். பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், தஞ்சோங் காராங் பக்கமிருந்து தம்பிமார் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, ஆயிரம் வெள்ளிக்குள்ள நல்ல பேஸ் கிடைக்குமா?"

கிடைக்கும். ஆனால் ஆயிரத்தையும் கருவியிலேயே போட்டுவிடக் கூடாது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக இருக்கும் நாட்டில் ஆயிரம் என்பது பாதி மாதச் சம்பளத்துக்கும் மேல். அதைப் பிரித்துச் செலவழிக்கத் தெரிய வேண்டும். கருவிக்கு எழுநூறு எழுநூற்றைம்பது. மிச்சத்தில் புதுக் கம்பி, நல்ல கேபிள், அகலமான பட்டை, ஆலன் சாவி செட். டியூனருக்குப் போனில் இலவசச் செயலி போதும். விலை கடைக்குக் கடை மாறும், பண்டிகைக் கால விற்பனையில் இறங்கும். பிரிக்கும் முறையை மட்டும் மாற்ற வேண்டாம். இரண்டாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கி அப்படியே வாசிக்கும் பேஸைவிட, எழுநூறு வெள்ளிக்கு வாங்கி ஒழுங்காகச் சீர்செய்த பேஸ் கைக்கு இதமாக இருக்கும், சுருதியும் சுத்தமாக நிற்கும். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

விலை குறைந்த கருவி என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். 1961இல் ஹாம்பர்க் நகரில் வாசித்துக்கொண்டிருந்த பால் மெக்கார்ட்னிக்கு ஃபெண்டர் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. ஏறக்குறைய 30 பவுனுக்கு வயலின் வடிவில் ஒரு ஹோஃப்னர் 500/1 வாங்கினார். பீட்டில்ஸின் ஆரம்பகாலப் பாட்டுகளில் நாம் கேட்பது அதைத்தான். 1972இல் திருடுபோன அந்த பேஸ் அரை நூற்றாண்டுக்குப் பிறகு அவரிடமே திரும்பிச் சேர்ந்த செய்தி 2024இல் வந்தது.

சரி, எதை வாங்குவது? நான்கு கம்பி போதும். பாடகர்கள் சுருதியை இறக்கச் சொல்வார்கள், ஐந்து கம்பி இருந்தால் வசதிதானே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் இந்த விலையில் வரும் ஐந்து கம்பி பேஸ்களில் ஐந்தாவது கம்பி பெரும்பாலும் தொளதொளவென்று குழறும். நான்கு கம்பியையும் நம் கட்டைக் கணக்கில் மனத்தில் பதித்துக்கொள்ளலாம்: தடித்ததிலிருந்து மூன்று, ஆறு, இரண்டு, ஐந்து. திறந்த கம்பியை அடித்தால் வருவது அந்தந்தக் கட்டையின் ஆதார சுருதி. பாடகர் "ரெண்டு கட்டை" என்றால் மூன்றாவது கம்பி தயாராக இருக்கிறது.

கம்பியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பிக்கப்பில் இரண்டு வழி உண்டு. லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் ஒன்று, 1960இல் வந்த ஜாஸ் பேஸ் இன்னொன்று. பிரிசிஷனில் 1957 முதல் வரும் இரண்டாகப் பிளந்த பிக்கப், மின் இரைச்சலைத் தானே அடித்துவிடும். ஜாஸில் இரண்டு தனிப் பிக்கப். இரண்டையும் முழுதாகத் திறந்து வைத்தால் இரைச்சல் இருக்காது, ஒன்றைக் குறைத்தால் ரீங்காரம் கிளம்பும். நம் கோயில் மேடைகளில் தலைக்கு மேல் வண்ண விளக்குச் சரம், பின்னால் ஜெனரேட்டர், காலடியில் பின்னிக் கிடக்கும் வயர். இந்தச் சூழலுக்குப் பிரிசிஷன் வகைப் பிக்கப்தான் என் தேர்வு. இரண்டும் கலந்து வரும் யமஹா டிஆர்பிஎக்ஸ் 174 மாதிரியானவையும் நல்லவை. பேட்டரி கேட்கும் ஆக்டிவ் பேஸ் முதல் கருவிக்கு வேண்டாம். பாட்டின் நடுவில் பேட்டரி தீர்ந்தால் சத்தமே போய்விடும்.

யமஹா தவிர ஐபனெஸின் ஜிஎஸ்ஆர் வரிசையில் பேட்டரி இல்லாதவை, ஸ்குவையர் சோனிக், கோர்ட், எஸ்எக்ஸ் எல்லாம் பார்க்கத் தகுந்தவை. புதிதாக வாங்கினால் சில மாடல்கள் ஆயிரத்தை ஒட்டியோ சற்றுத் தாண்டியோ போகும். அவற்றையே செகண்ட் ஹேண்டில் தேடலாம். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் சின்னப் பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றால் நீளத்தைக் கவனியுங்கள். வழக்கமான பேஸில் கம்பி அதிரும் நீளம் 34 அங்குலம். ஸ்குவையர் பிராங்கோவில் 30 அங்குலம், ஐபனெஸ் மைக்ரோவில் அதைவிடவும் குறைவு. சின்ன விரல்கள் எட்டும்.

மரத்தைப் பற்றிக் கடைக்காரர் நீளமாகப் பேசுவார். இந்த விலையில் அதில் பெரிய விஷயம் இல்லை. 2017இல் அருகிவரும் உயிரினங்களுக்கான உலக வணிக ஒப்பந்தத்தில் ரோஸ்வுட் இனங்களுக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு, மலிவுக் கருவிகளின் விரல் பலகைக்கு வேறு மரங்கள் வந்தன. ஸ்குவையரில் பல மாடல்களுக்குப் போடும் இந்தியன் லாரல், தமிழ்நாட்டுக் காடுகளில் கருமருது என்று சொல்லும் மரம். ஐபனெஸ் சிலவற்றின் உடலுக்குப் போடும் நியாத்தோ, நம் நாட்டில் கட்டிலும் மேசையும் செய்யும் மரம். இரண்டுமே உறுதியானவை, தயங்காமல் வாங்கலாம்.

முடிந்தால் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். லாத்தார் நெடுஞ்சாலை வந்த பிறகு ஈஜோக்கிலிருந்து கோலாலம்பூர்ப் பக்கம் போவது பெரிய பயணமில்லை. முத்தியாரா டாமன்சாராவில் பென்ட்லி மியூசிக் மாதிரிப் பெரிய கடைகளில் வரிசையாக மாட்டி வைத்திருப்பார்கள், வாசித்துப் பார்க்கலாம். முடாவிலோ கரோசலிலோ செகண்ட் ஹேண்ட் பார்த்தால் விற்பவர் வீட்டுக்கே போய்விடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது நெக். உடல் பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் நெக் நெடுகப் பாருங்கள். முன்பக்கமாக லேசாக வளைந்திருந்தால் கவலையில்லை, சரிசெய்துவிடலாம். ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். அடுத்தது டிரஸ் ராட். நெக்கின் உள்ளே ஓடும் இரும்புக் கம்பி அது, கம்பிகளின் இழுப்புக்கு எதிராக நெக்கை நிமிர்த்தி வைக்கிறது. விற்பவரிடம் கேட்டுவிட்டு அதன் முனையைக் கொஞ்சம் இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். இறுகிப் போய் நகரவே மறுத்தால், அல்லது எந்தப் பிடிப்பும் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், வாங்காதீர்கள். பிறகு ஒரு பழைய வங்கி அட்டையை எடுத்து, அதன் நேரான விளிம்பை, விரல் பலகையில் குறுக்கே பதித்த மூன்று ஃப்ரெட்டின் மேல் படுகிற மாதிரி வைத்து நகர்த்திக்கொண்டே போங்கள். எங்காவது அட்டை ஊசலாடினால் நடு ஃப்ரெட் தூக்கி நிற்கிறது என்று அர்த்தம். ஒன்றிரண்டு என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். குமிழ்கள் கரகரப்பதெல்லாம் பெரிய குறை இல்லை, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும்.

இனி சீர்செய்வது. புக்கிட் ரோத்தானில் எங்கள் தாமானில் இருக்கும் ஒரு தம்பி அண்மையில் இணையத்தில் ஒரு பேஸ் வரவழைத்தான். பெட்டியிலிருந்து எடுத்தபோது கம்பிகள் விரல் பலகையிலிருந்து அவ்வளவு உயரத்தில் நின்றன. ஐந்தாவது ஃப்ரெட்டை அழுத்தவே கட்டைவிரல் வலித்தது. "அண்ணே, கம்பெனிக்கே திருப்பி அனுப்பிடவா?" என்றான். அனுப்ப வேண்டிய குறை அதில் எதுவும் இல்லை. அவன் மாமாவின் மோட்டார் பட்டறையிலிருந்து ஃபீலர் கேஜ் வாங்கி வரச் சொன்னேன். கப்சாய் மோட்டாரின் வால்வு இடைவெளியை அளக்கும் அதே மெல்லிய தகடுகள்தான். பேஸ் நெக்கை அளக்க அதைவிட நல்ல கருவி எதுவும் இல்லை.

வரிசை முக்கியம். முதலில் புதுக் கம்பி. தடிமன் மாறினால் இழுப்பு மாறும், இழுப்பு மாறினால் எல்லா அளவும் மாறும். அதனால் பழைய கம்பியை வைத்து அளப்பதில் பிரயோஜனமில்லை. 45க்கு 100 அல்லது 45க்கு 105 என்று அட்டையில் போட்டிருக்கும் நிக்கல் செட் 34 அங்குல பேஸ்களுக்குப் பொருந்தும். கம்பியை வெட்டுவதற்கு முன் வெட்டும் இடத்துக்குச் சற்று உள்ளே செங்குத்தாக மடக்கிவிட வேண்டும். மடக்காமல் வெட்டினால் மேல் சுற்று உள்ளே தளர்ந்து, அந்தக் கம்பி கடைசிவரை மந்தமாகவே ஒலிக்கும். முளையில் இரண்டு மூன்று சுற்று மேலிருந்து கீழாகப் படிய வேண்டும். சுருதி சேர்த்த பிறகு பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் துண்டான சேடில் அருகே கம்பியைக் கட்டைவிரலால் மெதுவாக அமுக்கிவிடுங்கள், கம்பி அங்கே நேராகப் படிந்து உட்காரும்.

அடுத்து நெக். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையால் அழுத்திக்கொள்ளுங்கள். நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் இன்னொரு கையால் அழுத்துங்கள். எட்டாவது ஃப்ரெட்டின் மேல், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் கணக்கு. 0.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தகடு பிடிக்க இன்னொரு ஆள் தேவை, அல்லது முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டுக்கொள்ளலாம். தம்பியின் பேஸில் 0.8 தகடே தாராளமாக நுழைந்தது. கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு டிரஸ் ராட்டை வலப்பக்கம் கால் சுற்று திருப்பினோம். மறுபடி சுருதி சேர்த்து அளந்தோம், குறைந்திருந்தது. அன்றைக்கு அதோடு நிறுத்தி, ராத்திரி முழுக்க விட்டு, மறுநாள் இன்னொரு கால் சுற்று. மரம் உடனே முழுதாக அசையாது, அவசரப்பட்டு ஒரே மூச்சில் இறுக்கினால் ராட் முறியும். வலப்பக்கம் திருப்பினால் நெக் நிமிரும், இடப்பக்கம் திருப்பினால் முன்னோக்கி வளையும். ஆலன் சாவி சரியான அளவில் உட்கார வேண்டியதும் அவசியம். சற்றே சின்னச் சாவியை விட்டுத் திருகினால் முனை வழுக்கிப் போய், அதற்குப் பிறகு யாராலும் எளிதில் சரிசெய்ய முடியாது.

நெக் சரியான பிறகுதான் உயரம். பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சேடில், அதில் இரண்டு சின்னத் திருகு. பெரும்பாலும் 1.5 மில்லிமீட்டர் ஆலன் சாவி பிடிக்கும். பதினேழாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு 2.4 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு 2 மில்லிமீட்டர். நடுவில் உள்ள இரண்டும் படிப்படியாக. இது ஃபெண்டர் சொல்லும் அளவு. விரலை அழுத்தி அடிப்பவர்கள் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். தவில், பறை, டிரம்ஸோடு போட்டிபோடும் மேடையில் கை தானாகவே பலமாக விழும். அதனால் நான் எப்போதும் சிறிது உயர்த்தியே வைப்பேன். வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது சரியாக இருந்த கம்பி மேடையில் ஃப்ரெட்டில் பட்டுக் கடகடக்கும்.

அதன் பிறகு சுருதி நீளம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு அடித்தால் மணி மாதிரி ஒரு சத்தம் வரும். அதையும், அதே ஃப்ரெட்டை அழுத்தி அடிக்கும் சத்தத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது கூடுதலாகக் காட்டினால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள். குறைவாகக் காட்டினால் நெக் பக்கம் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு முறை நகர்த்திய பிறகும் சுருதி சேர்த்துத்தான் அடுத்த அளவு. கீபோர்டோடு சேர்ந்து வாசிக்கப் போகிறவர்கள் இதை விட்டுவிடக் கூடாது. கீபோர்டு சுருதி அசையாது. நம் பேஸ் மேல் ஃப்ரெட்டுகளில் கொஞ்சம் விலகினாலும் பாடகருக்குக் காது குழம்பும்.

கடைசியில் பிக்கப் உயரம். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து, கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடையே 3 மில்லிமீட்டரை ஒட்டி வையுங்கள். நான்கு கம்பியும் ஒரே அளவு சத்தமாகக் கேட்கும்வரை காதால் திருத்திக்கொள்ளலாம்.

இதையெல்லாம் செய்தும் முதல் ஃப்ரெட்டில் மட்டும் அழுத்தக் கஷ்டமாகவும் சுருதி கூடுதலாகவும் இருந்தால், நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டின் பள்ளம் ஆழம் போதவில்லை என்று அர்த்தம். அதற்குத் தனி அரம் வேண்டும். அந்த வேலையையும் ஃப்ரெட் தேய்த்துச் சமன்செய்வதையும் தெரிந்தவரிடம் கொடுங்கள். அந்த இரண்டைத் தவிர மற்ற எல்லாம் வீட்டு மேசையில் முடியும்.

நம் கடலோரப் பகுதிக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், சிகிஞ்சான் பக்கம் காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் இருக்கும். கம்பி துருப்பிடிப்பது கோலாலம்பூரைவிட வேகம். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியின் மேலும் அடியிலும் துடைத்தால் ஆயுள் கூடும். மழை மாதங்களில் நெக் கொஞ்சம் அசையும், அப்போது ஒரு தடவை இடைவெளியை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். காரின் பூட்டில் வெயிலில் வைக்காதீர்கள். ஏர்கான் அறையில் ராத்திரி முழுக்க வைத்துவிட்டு நேராகப் பந்தலுக்கும் கொண்டுபோகாதீர்கள். ஒரு மணி நேரமாவது முன்னதாக வெளிக்காற்றில் இருக்கட்டும்.

கம்பி மாற்ற மாதாமாதம் காசு இருக்காது. மந்தமான கம்பியைக் கழற்றிப் பத்து நிமிடம் கொதிநீரில் போட்டு, நன்றாக உலர்த்தி மாட்டினால் சுற்றுக்குள் இருக்கும் அழுக்கு வெளியேறி, சில வாரங்களுக்குப் பளிச்சென்று பேசும். இன்னொரு வழி, வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பி. விலை அதிகம், ஆனால் வருஷக்கணக்கில் நிற்கும். மோட்டவுன் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962ஆம் வருஷத்துப் பிரிசிஷனில் அந்த வகைக் கம்பிதான் போட்டிருந்தார், அறுந்தாலொழிய மாற்றமாட்டார். எழுபது எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளுக்கு அந்தத் திரண்ட சத்தம் அவ்வளவு பொருத்தமாக இருக்கும்.

ஆம்ப்ளிஃபயருக்குத் தனிக் காசு இல்லையென்றால் அவசரப்பட வேண்டாம். வீட்டில் பழக, பேஸிலேயே செருகிக்கொள்ளும் சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப் போதும். லயத்து வீடோ தாமான் வீடோ, பக்கத்து வீட்டுக்கும் தொந்தரவில்லை. மேடையில், பேஸை மிக்சரோடு இணைக்கும் டிஐ பாக்ஸ் வழியாக நேராக மிக்சருக்குப் போய்விடலாம். சவுண்டு சிஸ்டம்காரரிடம் பெரும்பாலும் ஒன்று இருக்கும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பேஸ் கிட்டாரின் கம்பிகள் எர்த் வயரோடு இணைந்தவை. நீங்கள் கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைவது அதனால்தான், அது சரியான அறிகுறி. ஆனால் உங்கள் ஆம்ப் ஒரு பிளக்கிலும், மைக்கும் மிக்சரும் வேறொரு ஜெனரேட்டரிலும் இருந்து, இரண்டில் ஒன்றுக்கு எர்த் ஒழுங்காக இல்லையென்றால், கம்பியில் கை வைத்தபடி கோரஸ் பாட மைக்கில் உதடு பட்ட நொடியில் மின்சாரம் உங்கள் உடம்பு வழியாகப் பாயும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். உயிர் போகக்கூடிய விஷயம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் கோயில் மேடையில் ஆபத்து இன்னும் கூடும். பேஸ், கீபோர்டு, மிக்சர் எல்லாம் ஒரே இடத்திலிருந்து, எர்த் உள்ள மூன்று முனைப் பிளக்கில் மின்சாரம் எடுக்கட்டும். பேனாவைச் செருகி இரண்டு முனைப் பிளக்கை நுழைக்கும் வழக்கத்தை மேடையில் யாரையும் செய்ய விடாதீர்கள். இரைச்சல் வருகிறது என்று எர்த் முனையை வெட்டவே கூடாது. அதற்கு டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதைத் தட்டினால் போதும். ஒயர்மேன் வந்து பந்தலுக்கு விளக்குப் போடும் நாளிலேயே, மேடைக்கு, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் இஎல்சிபி உள்ள தனி லைன் வேண்டும் என்று கோயில் செயலாளரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.